குடும்ப விவரம் மோசடி கும்பல் கையில் சிக்குவது எப்படி? பணம் போனால் உடனே 1930

சென்னை:-

"சார், பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க கார்டு பிளாக் ஆகிடுச்சு" என்று போன் வந்தால் இப்போது பலரும் உஷாராகி விடுகிறார்கள். அதனால் மோசடி ஆசாமிகளும் ரூட்டை மாற்றி விட்டனர். வீட்டுக்காரர் பெயர், ஊர், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம் என எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைக்கிறார்கள். 'இவ்வளவு தெரிஞ்சவரு பேங்க்காரராத்தான் இருக்கணும்' என நம்பி ஓ.டி.பி. எண்ணை சொன்னால், சில நிமிடங்களில் பணம் அபேஸ்.

இந்த விவரங்கள் பல நேரம் வீட்டாரே கொடுத்தவைதான். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் அழிக்காமல் விட்ட ஆதார், யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரேஷன் கார்டு போட்டோ, துணிக்கடையில் நிரப்பிய பரிசு கூப்பன்... இப்படித்தான் வெளியே போகிறது.

ஆதாரின் 12 இலக்கத்தில் முதல் 8 இலக்கத்தை மறைத்த நகலை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக் கொள்ளலாம். லாட்ஜ் போன்ற இடங்களில் அதை கொடுத்தால் போதும். கைரேகையை வைத்து பணம் எடுக்கும் மோசடியும் நடப்பதால், கைரேகையை அதே இணையதளத்தில் பூட்டி வைக்கலாம். ஆனால் பூட்டியிருந்தால் ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் மெஷின் ஏற்காது. கிளம்பும் முன்பு திறக்க மறந்தால், வரிசையில் நின்றதுதான் மிச்சம்!

உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு உள்ளது என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். அந்த சிம்மில் யாராவது மோசடி செய்தால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

வீட்டுப் பெரியவர்களிடம் 2 விஷயத்தை சொல்லி வைக்க வேண்டும். பணம் வாங்க யு.பி.ஐ. பின் நம்பர் போடவே தேவையில்லை. வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என மிரட்டும் போலீஸ் போலி போலீஸ். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

இதையும் மீறி பணம் போய்விட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று மூடி மறைப்பதுதான் பெரிய தப்பு. திருடிய பணத்தை கும்பல் கணக்கு விட்டு கணக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். உடனே 1930-க்கு போன் செய்தால், கடைசி ஆள் எடுப்பதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் அப்போதே சொல்லி புகார் எண் வாங்க வேண்டும். ஓ.டி.பி.யை சொன்னது வாடிக்கையாளர் தவறே என்றாலும், புகாருக்கு பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என ரிசர்வ் வங்கி 2017-ம் ஆண்டு உத்தரவிட்டது. பணம் போனதாக வந்த எஸ்.எம்.எஸ்.சை மட்டும் அழித்து விடாதீர்கள். 1930-ல் அதில் உள்ள நம்பரை கேட்பார்கள்.