பீடித் தட்டும் பள்ளிக்கூடமும்



மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றிய நம் பெண்மணிகள் நெடுங்காலம் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர்களாகவே இருக்கவில்லை. காண்டிராக்டரிடம் இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றியதால், அவர்கள் தம் பணியாளர் அல்லர் என முதலாளிகள் வாதிட்டனர்.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இதனை மாற்றியது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளரே என்றது. 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பும் வகுத்தது. உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1974இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று.

14 வயது நிரம்பாதோரைத் தொழிற்கூடங்களில் அமர்த்தவும் அச்சட்டம் தடை விதித்தது. எனினும், தாயின் தட்டருகே அமர்ந்து நூல் சுற்றிய சிறுமியை அத்தடை எட்டவில்லை. அவளைப் பள்ளிக்கு அனுப்பக் காசு வேண்டியிருந்தது.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. 1976இல் இயற்றப்பட்ட சட்டங்களின்படி பீடியின் மீது தீர்வை விதித்து நல நிதி அமைக்கப்பட்டது. மருந்தகங்களும் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் அதிலிருந்து வந்தவையே. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது.

உதவித்தொகைக்கு அடையாள அட்டை தேவைப்பட்டது. படிவம் நிரப்பத் தெரியாமல் அட்டையின்றியே இருந்துவிட்ட தாய்மார் நம் மஹல்லாவிலும் உண்டு. அன்று பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். என்னையும் சேர்த்து எவருக்கும் அது தோன்றவில்லை.