சாப்பாடு கூலியாகுமா?

உணவகத்துக்குச் சாதாரண வாடிக்கையாளரைப்போலப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடையைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதிக் கொடுக்கும் வேலைக்கு அமெரிக்காவில் மிஸ்டரி ஷாப்பிங் என்று பெயர். சிகாகோவுக்கு மேற்கே, நாங்கள் குடியிருக்கும் நேப்பர்வில் பக்கத்தில் இதைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் பெண்கள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லா வகையினரும் உண்டு. நானும் சில ஆண்டுகள் செய்தேன். "ஆறு டாலர்தான் தர்றாங்க, ஆனா சாப்பாடு இலவசம். எடுக்கலாமா அக்கா?" என்று கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இளம் தாய்மார்கள் என்னைக் கேட்கிறார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இந்த வேலைக்கு 170 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான கட்டங்கள் இந்தச் சிகாகோ வட்டாரத்தில்தான் நடந்தன. கூலி ஏன் இவ்வளவு குறைவு என்பதும் அந்த வரலாற்றைப் பார்த்தால் புரியும்.

ஆலன் பிங்கர்டன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். பீப்பாய் செய்வது அவர் தொழில். 1840களில் இல்லினாய்ஸுக்குக் குடியேறி, ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் டண்டீ என்ற சிற்றூரில் பட்டறை வைத்தார். அங்கே கள்ளப் பணக் கும்பல் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் துப்பறிவாளர் என்று பெயர் பெற்று, சிகாகோவுக்கு வந்து தனியார் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். 1855இல் ஆறு ரயில்வே கம்பெனிகள் அவரோடு ஒப்பந்தம் போட்டன.

அந்தக் கம்பெனிகளுக்கு இருந்த கவலை எளிமையானது. நிலையத்தில் டிக்கெட் வாங்காமல் ஏறும் பயணிகளிடம் ஓடும் ரயிலிலேயே கண்டக்டர் காசு வாங்குவார். அதில் எவ்வளவு கம்பெனிக்கு வந்து சேருகிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பங்கு போட்ட முதலாளிகள் பலர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கிழக்குக் கடற்கரை நகரங்களில் இருந்தார்கள். பிங்கர்டனின் ஆட்கள் பயணிகளாக ஏறி உட்கார்ந்து, யார் எங்கே ஏறினார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று மனத்தில் எண்ணிக்கொள்வார்கள். அந்தக் கணக்கையும் கண்டக்டர் கட்டிய பணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதே 1855இல் சிகாகோ - பர்லிங்டன் தடத்தில் ஒரு கண்டக்டர் இப்படிப் பிடிபட்டு, நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். நான் சிகாகோவுக்குப் போய்வரும் மெட்ரா ரயில் ஓடுவது அந்தப் பர்லிங்டன் கம்பெனியின் வழிவந்த பாதையில்தான். 1856இல் கேட் வார்ன் என்ற பெண்ணைப் பிங்கர்டன் வேலைக்குச் சேர்த்தார். ஒரு பெண் வேவு பார்ப்பாள் என்று யாரும் நினைக்காத காலம் அது. அதனால் ஆண்கள் நுழைய முடியாத இடங்களில் அவர் நுழைய முடிந்தது.

ஸ்பாட்டர் என்று அழைக்கப்பட்ட அந்த ஆட்களை ரயில்வே தொழிலாளிகள் வெறுத்தார்கள். தங்கள் வேலையைப் பறிக்கக்கூடிய சாட்சி யார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கோபம் சட்டத்திலும் எதிரொலித்தது. நெவாடா மாநிலத்தில் 1915இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்பாட்டரின் அறிக்கையை வைத்து ஒரு தொழிலாளியின் நாணயத்தைக் குறைசொல்லித் தண்டிப்பதானால், அவர் கேட்டால் விசாரணை நடத்த வேண்டும். அறிக்கை எழுதியவரை அவர் நேருக்கு நேர் சந்தித்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அடுத்தவர் பிழைப்பைத் தொடும் வேலை என்பதைச் சட்டம் அன்றைக்கே உணர்ந்திருந்தது.

அன்றைய ஸ்பாட்டரின் வேலை பணத்துக்கே நடந்தது. பிங்கர்டன் நிறுவனம் தன் ஆட்களுக்காக நாள் கணக்கில் கட்டணம் வாங்கியது. பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல் தனிச் செலவுக் கணக்கு. சாப்பாட்டையே கூலியாகக் கொடுக்கும் யோசனை அந்தக் கணக்கில் இல்லை.

ரயிலிலிருந்து இந்த வேலை சாராயக் கடைக்கும் உணவகத்துக்கும் வந்தது இயல்பு. அங்கேயும் பணியாளர் கையில்தான் முதலில் காசு விழுகிறது. ஓஹியோ மாநிலம் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, கல்லாப் பணம் கரைவதைப் பொறுக்க முடியாமல் 1879இல் பணப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் இயந்திரத்தில் பதியாமலே காசைப் பையில் போட்டுக்கொண்டால்? அதைப் பார்க்க ஒரு ஆள் எதிரே உட்கார வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் இதற்கென்றே கம்பெனிகள் கிளம்பின. இன்றும் மதுவகத்துக்குப் போகும் மிஸ்டரி ஷாப்பருக்கு, கொடுத்த காசு கல்லாவுக்குப் போனதா என்று கவனிக்கச் சொல்லும் வேலைகள் வருகின்றன.

இதே சிகாகோவில் நேர் எதிரான மனநிலையோடு இன்னொருவர் உணவகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். கென்டக்கியில் பிறந்த டங்கன் ஹைன்ஸ், சிகாகோ அச்சகம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போகிறவர், சாப்பாட்டில் அளவற்ற ஆசை உள்ளவர். எந்த ஊரில் எந்தக் கடை சுத்தம், எங்கே என்ன நன்றாக இருக்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். சமையலறை எப்படியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். நண்பர்கள் ஓயாமல் கேட்கவே, 1935 கிறிஸ்துமஸுக்கு 167 உணவகங்களின் பட்டியலை அச்சடித்து வாழ்த்தோடு அனுப்பினார். மறு ஆண்டு அதைப் புத்தகமாக்கினார். உணவகங்களிடமிருந்து விளம்பரம் வாங்கவில்லை. தின்றதற்குக் காசு கொடுத்தார். 1950களில் அவர் பெயர் கேக் மாவுப் பெட்டியில் ஏறியது. இன்றும் அமெரிக்காவின் மளிகைக் கடைகளில் அந்தப் பெட்டியைப் பார்க்கலாம்.

ஒரே மனிதரால் நாடு முழுவதும் சாப்பிட்டுப் பார்க்க முடியாது. அதனால் அவருக்காகப் பல ஊர்களில் ஆர்வலர்கள் சாப்பிட்டுப் பார்த்து எழுதி அனுப்பினார்கள். அவர்களில் வசதியும் பதவியும் உள்ளவர்கள் இருந்தார்கள். யாருக்கும் கூலி கிடையாது. இங்கிலாந்தில் 1951இல் ரேமண்ட் போஸ்ட்கேட் தொடங்கிய 'குட் ஃபுட் கைடு' நூலும் இப்படித்தான் உருவானது. போருக்குப் பிந்தைய மோசமான ஹோட்டல் சாப்பாட்டால் வெறுத்துப்போன வாசகர்கள், தங்கள் செலவில் சாப்பிட்டு அறிக்கை அனுப்பினார்கள். இவர்கள் சாப்பாட்டை நேசித்து, சக பயணிக்கு நல்ல கடையைக் காட்டுவதற்காக எழுதினார்கள். அந்த அறிக்கையின் பலன் பொதுமக்களுக்குப் போனது. கூலி இல்லாததில் அநியாயமும் இல்லை.

பிங்கர்டன், ஹைன்ஸ் வரிசையில் சிகாகோவின் மூன்றாவது மனிதர் ரே கிராக். 1955 ஏப்ரலில், சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டெஸ் பிளெயின்ஸ் ஊரில் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். தரம், சேவை, சுத்தம் என்ற மூன்றும் அவருக்கு மந்திரம். ஒரு ஊரில் கிடைத்த பர்கர் இன்னொரு ஊரிலும் இம்மி பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும் என்பது கொள்கை. அவருடைய வலதுகையான ஃபிரெட் டர்னர், இறைச்சியின் எடையிலிருந்து உருளைக்கிழங்கின் தடிமன் வரை எல்லாவற்றையும் கையேடாக எழுதினார். கம்பெனி ஆய்வாளர்கள் கடை கடையாகப் போய், பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல எழுத்தில் தரம் போட்டார்கள். அவர்கள் கம்பெனியின் சம்பளக்காரர்கள். சங்கிலி உணவகங்கள் பெருகி, கடைகள் ஆயிரக்கணக்கில் ஆனபோது, இத்தனை கடைக்கும் அடிக்கடி ஆய்வாளரை அனுப்புவது பெரிய செலவாக நின்றது. வெளியாள்களை வைத்துச் சோதிப்பது மலிவு என்று கண்டுகொண்டார்கள்.

இன்று நம் கைக்கு வரும் வேலை இந்த மூவரின் வழிகளும் சேர்ந்தது. ரகசியம் பிங்கர்டனிடமிருந்து வந்தது, கேள்விப் பட்டியல் கிராக்கிடமிருந்து. கூலி மட்டும் ஹைன்ஸின் ஆர்வலர்களுக்குக் கிடைத்த அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பொதுமக்களுக்காகப் பிரியத்தோடு செய்த தொண்டை, ஒரு கம்பெனியின் கண்காணிப்பு வேலைக்கு அடிமட்ட விலையாக வைத்துவிட்டார்கள். 1990களில் இணையம் வந்ததும் விலை இன்னும் இறங்கியது. முன்பு உள்ளூரில் ஆள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது யாரும் பெயர் பதிந்து வேலை எடுக்கலாம். நீங்கள் ஆறு டாலருக்கு வேண்டாம் என்றால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். சட்டப்படி நாம் யாருக்கும் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். ஆகவே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நம்மைக் காப்பதில்லை.

நான் கணக்கு வேலை பார்த்தவள். கணக்காகவே சொல்கிறேன். துரித உணவகம் ஒன்றுக்குக் கட்டணம் 6 டாலர், சாப்பாட்டுக்கு 9 டாலர் வரை திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 12 மைல். தொழில் பயணத்துக்கு அமெரிக்க வருமான வரித்துறை 2025இல் அனுமதித்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். அப்படியானால் காருக்கு மட்டும் 8 டாலர் 40 சென்ட். கட்டணம் அங்கேயே தீர்ந்துவிட்டது. நிபந்தனைகளைப் படிக்கக் கால் மணி, போய்வர அரை மணி, கடையில் 20 நிமிடம், அறிக்கைக்கு முக்கால் மணி. மொத்தம் 110 நிமிடம். இல்லினாய்ஸில் 2025இலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். அந்த வீதத்தில் இதற்கு 27 டாலர் 50 சென்ட் வர வேண்டும். நமக்குக் கிடைத்தது ஒரு பர்கர்.

அந்தப் பர்கரும் நாம் விரும்பிக் கேட்டதல்ல. எதை வாங்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். என்னைப்போன்ற சைவக்காரர்களுக்கு அது வீட்டில் யாருக்காவது கொடுக்கும் பொட்டலம், அவ்வளவுதான். கைபேசியை மறைவாக வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற நொடியிலிருந்து பொட்டலம் கைக்கு வரும் நொடிவரை நேரம் பார்க்க வேண்டும். காருக்குள்ளேயே வெப்பமானியைக் குத்திச் சூடு பார்க்கச் சொல்வார்கள். கழிப்பறையில் சோப்பு இருந்ததா, வாசலில் குப்பை கிடந்ததா, கல்லாவில் நின்றவர் பெயர் என்ன, உயரம் என்ன, தலைமுடி என்ன நிறம், சிரித்தாரா, எல்லாம் எழுத வேண்டும். ரசீதின் படம் மங்கலாக இருந்தால், அறிக்கை தாமதமானால், கட்டணமும் இல்லை, சாப்பாட்டுக் காசும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் பணம் அடுத்த மாதம்தான் வரும்.

இந்தக் கணக்கைவிட என்னை அதிகமாகப் பாதித்தது வேறு. என் மகன் கல்லூரியில் படிக்கும்போது ஒரு சாண்ட்விச் கடையில் வேலை பார்த்தான். ஒரு நாள் முகம் வாடி வந்தான். உள்ளே வந்தவரைப் பத்து விநாடிக்குள் வரவேற்கவில்லை என்று யாரோ எழுதிக்கொடுத்த அறிக்கையால் கடையின் மதிப்பெண் இறங்கி, அவனுக்கு அந்த வாரம் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். "அம்மா, அந்த நேரத்துல நான் ஒருத்தன்தான் இருந்தேன். ரெண்டு பேருக்குச் சாண்ட்விச் போட்டுட்டு இருந்தேன். அதை யாரும் எழுதலையே" என்றான். அந்தப் படிவத்தில் எத்தனை பேர் வேலைக்கு நின்றார்கள் என்ற கேள்வி இருந்திருக்காது. நான் நிரப்பிய படிவங்கள் பலவற்றிலும் இல்லை. அதன் பிறகு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் குறிப்புப் பகுதியில் நான் எழுதினேன்: வரிசையில் இத்தனை பேர், வேலைக்கு நின்றவர் ஒருவர். ஆறு டாலருக்கு அவசர அவசரமாக எழுதப்படும் அறிக்கையில் அந்த வரி விழாது. குறைந்த கூலி எழுதுபவரோடு நிற்பதில்லை, கல்லாவில் நிற்கும் பிள்ளையின் தட்டிலும் கைவைக்கிறது.

இதற்கு மாறான வழிகளும் இருக்கின்றன. உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் கையேட்டின் ஆய்வாளர்கள் முழுநேரச் சம்பளக்காரர்கள். யாரென்று காட்டிக்கொள்ளாமல் போகிறார்கள், பில்லுக்குக் கம்பெனி பணம் கொடுக்கிறது. சாப்பாடு அவர்களுக்கு வேலையின் செலவு, கூலி அல்ல. கலிஃபோர்னியாவில், இப்படிப்பட்ட அறிக்கையை வைத்து ஊழியரைத் தண்டிப்பதற்கு முன்னால் அதன் பிரதியை அவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது.

ஆகவே, கேட்கும் தங்கைகளுக்கு என் பதில் இது. துரித உணவகத்துக்கு ஆறு டாலர் வேலையை எடுக்காதீர்கள். நீங்கள் எப்படியும் போகவிருந்த நல்ல உணவகம், போகும் வழியில் இருக்கிறது, பில் முழுவதும் திரும்பக் கிடைக்கிறது என்றால், ஒரு மாலைப் பொழுதுக்காக எடுங்கள். வருமானம் என்று நம்பி எடுக்காதீர்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரையும், காசோலை அனுப்பி வங்கியில் போட்டு ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்பவரையும் நம்பவே நம்பாதீர்கள். அந்தக் காசோலை செல்லாது, போவது உங்கள் சொந்தப் பணம். எடுத்த வேலையில், கல்லாவில் நின்றவருக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தத் தொழில் பிறந்த எங்கள் இல்லினாய்ஸும் கலிஃபோர்னியாவைப்போல ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும். எழுதுகிறவருக்கு முழுக் கூலி, எழுதப்படுகிறவருக்கு அறிக்கையின் பிரதி. இரண்டும் கிடைக்கும்வரை இது எடுக்கத் தகுந்த வேலை ஆகாது.