குழாய்க்குள் கேமரா போன வரலாறும் போகாத வரலாறும்

பாதாளச் சாக்கடைக்குப் புதிதாகக் குழாய் பதித்து முடித்ததும் ஒரு சோதனை செய்வார்கள். ஒரு முனையில் விளக்கைப் பிடித்து, மறுமுனையில் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. வட்டம் குறைந்து தெரிந்தால் நடுவில் எங்கோ வளைந்திருக்கிறது. குழாயின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய பந்தை மேல்முனையில் உருட்டிவிடுவது இன்னொரு சோதனை. பந்து மறுமுனைக்கு வந்து சேர்ந்தால் உள்ளே தடை எதுவும் இல்லை. சிவில் இன்ஜினியரிங் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

இந்தச் சோதனைகளுக்கு யாரும் சாக்கடைக்குள் மூழ்க வேண்டியதில்லை. குழாய் சுத்தமாக இருக்கும்வரை அதைப் பார்க்க விளக்கு, கண்ணாடி, பந்து என்று கருவிகள் உண்டு. அதே குழாயில் மலம் ஓடத் தொடங்கி, அடைத்துக்கொண்டதும் கருவிகள் காணாமல் போய்விடுகின்றன. "ஆளைக் கூப்பிடு" என்கிறார்கள். அந்த "ஆள்" எந்தச் சேரியிலிருந்து வருவார் என்பது கூப்பிடுபவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கேமரா வைத்து வடிகாலைப் பார்க்கும் தொழில்நுட்பத்தின் வரலாற்றை இந்த இடத்திலிருந்துதான் நாம் படிக்க வேண்டும்.

எடுப்புக் கக்கூஸும் பின்சந்தும்

நம் ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகளுக்குப் பின்னால் குறுகலான ஒரு சந்து இருக்கும். எடுப்புக் கக்கூஸ் காலத்துச் சந்து அது. மலம் அள்ள வருபவர் வாசல் வழியாக வரக் கூடாது, வீட்டாரின் கண்ணில் படக் கூடாது. சுவரின் அடியில் விட்டிருக்கும் திறப்பு வழியாக அள்ளி, வாளியிலோ கூடையிலோ சுமந்துகொண்டு வந்த வழியே போய்விட வேண்டும். வீட்டுக்குப் பிளான் போடும்போதே தீண்டாமைக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

சென்னையின் பாதாளச் சாக்கடை 1910-ஐ ஒட்டி வடிவமைக்கப்பட்டது. 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டு, அதற்கேற்பப் போட்ட திட்டம். ஆனால் 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரில் 17 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். மக்கள் பெருகிய வேகத்துக்குக் குழாய்கள் பெருகவில்லை. குழாய் போதாத இடத்தில் அடைப்பு வரும், அடைப்பை எடுக்க ஆள் வேண்டும். திட்டத்தில் விழுந்த பள்ளத்தைத் தொழிலாளியின் உடலால் நிரப்பினார்கள். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஆதி ஆந்திரர்களும் அருந்ததியர்களும் பிற தலித் மக்களும்தான் அந்த வேலையில் நிறுத்தப்பட்டார்கள். கூடை சுமந்தவர்களின் பிள்ளைகள் மேன்ஹோலில் இறங்கினார்கள். கக்கூஸ் நவீனமானது. சாதி பழையபடியே இருந்தது.

ஆறு அங்குலக் குழாய்க்குள் மனிதன் எப்படி நுழைய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அவர் நுழைவது மேன்ஹோலுக்குள். கழுத்தளவுக் கழிவுநீரில் நின்று, குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக் கண்டுபிடிப்பார். பிறகு மூங்கில் பிளாச்சை உள்ளே செலுத்துவார். பிளாச்சின் முனை எதில் முட்டுகிறது, துணியா, கல்லா, மர வேரா, உடைந்த குழாயா என்பதைக் கைக்கு வரும் அதிர்வை வைத்தே சொல்லிவிடுவார். இது அனுபவத்தில் சேர்ந்த தொழிலறிவு. எந்தத் தெருவில் குழாய் எங்கே திரும்புகிறது, எந்த வீட்டு இணைப்பு எங்கே சேர்கிறது என்ற வரைபடம் பல ஊர்களில் அலுவலகத்தில் இல்லை, இவர்கள் தலைக்குள்தான் இருந்தது. அந்த அறிவுக்கு ஒருநாளும் அறிவு என்ற பெயர் கிடைக்கவில்லை. அது சாதித் தொழிலாகவே பார்க்கப்பட்டது.

அடைப்பு உடையும்போதுதான் ஆபத்து. தேங்கிய கழிவில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரேயடியாக வெளிவரும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் உள்ளேயே விழுவார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செத்துப்போவது இப்படித்தான்.

கேமரா வந்த கதை

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே திணறியது. அதன்பிறகு பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் லண்டனுக்குப் பெரும் செங்கல் சுரங்கச் சாக்கடைகளைக் கட்டினார். அவற்றில் ஆட்கள் நடந்துபோய்ப் பார்க்க முடியும். ஆனால் வீடுகளிலிருந்து வரும் இணைப்புகள் மெருகூட்டிய சிறிய மண் குழாய்கள். நாம் ஸ்டோன்வேர் பைப் என்கிறோமே, அவைதான். அவற்றில் விரிசல் விட்டால் எங்கே என்று தெரியாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக 1950-களின் இறுதியில் ஜெர்மனியில் சாக்கடைக் குழாய்க்கான கேமராக்கள் பயன்பாட்டுக்கு வந்தன. 1980-இல் பிரிட்டனின் நீர் ஆராய்ச்சி மையம், கேமராவில் தெரியும் பழுதுகளை வகைப்படுத்துவதற்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டது. விரிசல், மூட்டு விலகல், வேர் நுழைவு, இடிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. அங்கேயும் பெரிய சாக்கடைகளுக்குள் தொழிலாளர்கள் இறங்குகிறார்கள்தான். ஆனால் வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், இடுப்புப் பட்டை, மேலே காத்திருக்கும் மீட்புக் குழு என்று எல்லாவற்றையும் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆளை இறக்குவது செலவு பிடிக்கும் காரியம். அதனால் கேமராவை இறக்குவது லாபமாக இருந்தது.

நம் நாட்டில் கணக்கு நேர்மாறு. நூறு இருநூறு ரூபாயும் ஒரு குவார்ட்டர் பாட்டிலும் கொடுத்தால் ஆள் இறங்குவார் என்ற நிலைமையைச் சாதி உருவாக்கி வைத்திருக்கும்போது, கேமரா எதற்கு? தொழில்நுட்பம் இல்லாததால் மனிதர்கள் இறங்கினார்கள் என்று நமக்குச் சொல்லித்தருகிறார்கள். மனிதர்கள் மலிவாகக் கிடைத்ததால் தொழில்நுட்பம் வாங்கப்படவில்லை என்பதே வரலாறு சொல்லும் உண்மை.

சட்டமும் கையேடும்

1993-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் சட்டம் வந்தது. அதன் பார்வை எடுப்புக் கக்கூஸோடு நின்றுவிட்டது, சாக்கடைக்குள் இறங்குபவரை அது கணக்கில் எடுக்கவில்லை. 2013 சட்டம்தான் பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் உள்ளே கொண்டுவந்தது. அதே 2013-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட கழிவுநீர்க் கட்டமைப்புக் கையேட்டில் கேமரா ஆய்வு முறையும் விளக்கப்பட்டிருக்கிறது. ஆக, ஒரே ஆண்டில் "ஆளை இறக்காதே" என்று சட்டமும், "கேமராவை இறக்கலாம்" என்று கையேடும் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகு நடந்த எந்த மரணத்தையும் விபத்து என்று ஏற்க முடியுமா?

2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களில் நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பது நம் தமிழ்நாடு. சமூக நீதி மண் என்று பெருமை பேசும்போது இந்த முதலிடத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்துக்காக 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். இதைவிட வெளிப்படையாகச் சாதி தன்னைக் காட்டிக்கொள்ள முடியாது.

பழைய வீடுகளில் நடப்பது

தெருவில் ஓடும் சாக்கடை அரசின் பொறுப்பு. வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் குழாயும் சேம்பரும் வீட்டுக்காரரின் பொறுப்பு. மரணங்களில் கணிசமானவை தனியார் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் ஓட்டல்களிலும் நடக்கின்றன. பழைய வீட்டில் குழாய் எங்கே போகிறது என்று இப்போதைய உரிமையாளருக்கே தெரியாது. தாத்தா காலத்தில் போட்ட ஸ்டோன்வேர் பைப். மூட்டில் பூசிய சிமெண்ட் உதிர்ந்திருக்கும், வேம்பின் வேர் உள்ளே புகுந்திருக்கும். பாகப் பிரிவினையில் ஒரு வீடு மூன்றாகி, மூன்று கக்கூஸும் ஒரே குழாயில் சேர்ந்திருக்கும்.

கேமரா உண்மையாகப் பயன்படும் இடம் இதுதான். வளையும் நீளமான கம்பியின் முனையில் விளக்கோடு சேர்ந்த சிறு கேமரா. நான்கு அங்குலக் குழாயிலும் போகும். எந்த இடத்தில் எத்தனை அடி ஆழத்தில் பழுது என்பதைத் தரைக்கு மேலிருந்தே குறித்துவிடலாம். பிறகு அந்த இடத்தை மட்டும் தோண்டினால் போதும். ஆனால் கேமரா பார்க்கும், அவ்வளவுதான். அடைப்பை எடுக்கத் தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் இயந்திரம் வேண்டும். தண்ணீர் நிரம்பிய குழாயில் கேமராவுக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் மனிதன் வெளியே நிற்க முடியும்.

தமிழ்நாட்டில் இவை எட்டாத பொருட்கள் அல்ல. 2018-இல் கும்பகோணம் நகராட்சிக்கு 'பாண்டிகூட்' ரோபோ வந்தது. சென்னை ஐஐடியில் உருவான 'ஹோமோசெப்' செப்டிக் டேங்க் இயந்திரத்தின் முதல் கருவிகள் 2022-இல் சாக்கடையில் கணவரை இழந்த பெண்கள் தலைமையிலான குழுக்களிடம் கொடுக்கப்பட்டன. 2023 ஒன்றிய பட்ஜெட்டில் மேன்ஹோல் இனி 'மெஷின் ஹோல்' என்றார்கள். பெயரை மாற்றுவது எளிது.

இயந்திரம் யார் கையில்?

நாம் கவனிக்க வேண்டிய கேள்வி இது. கேமராவும் ஜெட் வண்டியும் ஒப்பந்ததாரர் கைக்குப் போனால், தலைமுறைகளாக உயிரைக் கொடுத்தவர்கள் வேலையில்லாமல் தெருவில் நிற்பார்கள். அழுக்காக இருந்தவரை நம் தொழில், லாபம் வந்ததும் அவர்கள் தொழில் என்றாகிவிடும். ஐதராபாத்தில் 2017-இலும் டெல்லியில் 2019-இலும் சிறிய ஜெட் இயந்திரங்களைத் தலித் தொழில்முனைவோருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் உரிமையாக்கும் முயற்சிகள் தொடங்கின. நாம் இந்தத் திசையில்தான் கேட்க வேண்டும்: கருவி, அதற்கான பயிற்சி, நிரந்தர வேலை, வேறு தொழிலுக்குப் போக விரும்புகிறவருக்கு மறுவாழ்வு.

தோழர்களே, நீங்கள் தங்கியிருக்கும் பழைய வீட்டிலோ விடுதியிலோ சாக்கடை அடைத்தால், "ஆள் வருகிறார்" என்று உரிமையாளர் சொன்னால், என்ன கருவி வருகிறது என்று கேளுங்கள். பாதுகாப்பில்லாமல் ஒருவரை இறக்கினால் 2013 சட்டத்தின் 7-ஆம் பிரிவு வீட்டு உரிமையாளரையும் பிடிக்கும். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ள வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். கழிவகற்றும் உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் நகராட்சியில் எத்தனை கேமரா, எத்தனை ஜெட் வண்டி இருக்கின்றன, கடந்த ஆண்டு அவை எத்தனை நாள் ஓடின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் ஊர் அறிய வெளியிடுங்கள். வராவிட்டால், பதில் வரவில்லை என்பதையும் வெளியிடுங்கள்.