போர்டு: பலகையும் விளிம்பும்

சென்னையில் ஒரு நாள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். மகளுக்குப் போர்டு எக்ஸாம். அண்ணனுக்கு ஹவுசிங் போர்டில் வீடு. மேலதிகாரி போர்டு மீட்டிங்கில் இருக்கிறார். சுவரில் சுவிட்ச் போர்டு, வாசலில் நேம் போர்டு, திண்ணையில் கேரம் போர்டு. பிள்ளை போர்டிங் ஸ்கூலில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும் அப்பா விமான நிலையத்தில் போர்டிங் பாஸோடு நிற்கிறார். தேர்வு நடத்தும் அமைப்புக்கும், மரத்துண்டுக்கும், விடுதியில் தங்கிப் படிப்பதற்கும், விமானம் ஏறுவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது? ஆங்கில அகராதியைத் திறந்தால் பொருள்கள் எண் போட்டு வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படித் தாவியது என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ளச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அது சுட்டிய பண்டத்தின் பின்னால் போக வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் 'போர்ட்' என்ற ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு அறுத்த பலகை என்று பொருள். மற்றதற்கு விளிம்பு, ஓரம், முக்கியமாகக் கப்பலின் பக்கம் என்று பொருள். இரண்டும் ஜெர்மானியக் குடும்பத்துச் சொற்களே. மூலத்திலேயே அவை உறவா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. ஆனால் கப்பலின் பக்கம் பலகைகளை அடித்து அமைத்ததுதானே! பேசுகிறவர்கள் வாயில் இரண்டும் கலந்துபோனதில் வியப்பில்லை. இன்று போர்டு என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே கிடக்கும் பொருள்களைப் பிரித்து அடுக்கினால் பெரும்பாலும் இந்த இரண்டு குவியல்களில்தான் சேரும்.

பலகையிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்து ஆங்கிலேயப் போர்வீரன் கையில் இருந்த கேடயம் மரப்பலகையால் ஆனது. அதனால் கேடயத்துக்கும் அதே பெயர். 937-இல் நடந்த புரூனன்பர் போரைப் பாடும் பழம்பாடல், வீரர்கள் கேடயங்களைச் சேர்த்துப் பிடித்து நின்ற அணியைப் பலகைச் சுவர் என்றே சொல்கிறது. இதைப் படிக்கும்போது நம்முடைய 'பலகை' நினைவுக்கு வருகிறது. தமிழ் அகராதியில் பலகைக்கு மரப்பலகை, எழுதுபலகை, சூதாடு பலகை என்ற பொருள்களோடு நெடும்பரிசை, அதாவது நீண்ட கேடயம், என்ற பொருளும் இருக்கிறது. வடமொழிப் 'பலக'த்துக்கும் கேடயம் என்ற பொருள் உண்டு. ஆங்கிலம் எங்கே, தமிழ் எங்கே! ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளவில்லை. மரத்தை அறுத்துத் தட்டையாக்கியவன் அதைக் கொண்டு என்னென்ன செய்தானோ, அவை எல்லாம் அதன் பெயரில் ஏறிக்கொண்டன.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பெருவாழ்வு கிடைத்த இடம் சாப்பாட்டுக் கூடம். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் வீட்டுக்கு நடுநாயகமாக இருந்தது பெரிய கூடம். வழக்கு விசாரிப்பது, விருந்தினரை வரவேற்பது, உண்பது, வேலைக்காரர்கள் படுத்துறங்குவது எல்லாம் அங்கேதான். நிலையான மேசை போட்டால் இடம் போய்விடும். ஆகவே சாப்பாட்டு வேளையில் மரத் தாங்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் நீளப் பலகைகளைக் கிடத்தி, துணி விரித்தார்கள். உண்டு முடிந்ததும் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். ஆக, அவர்கள் வீட்டில் மேசை என்று தனியாக ஒன்று நிரந்தரமாக இல்லை, பலகைதான் இருந்தது. அதனால் போர்டு என்றாலே மேசை என்று பொருளாயிற்று. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம்முடைய கான்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஃபிராங்க்ளின் என்ற நிலக்கிழாரை அறிமுகப்படுத்தும்போது, அவர் வீட்டுக் கூடத்தில் எடுக்காத நிலைமேசை ஒன்று நாள் முழுவதும் விருந்துக்கு ஆயத்தமாக இருந்தது என்கிறார். அவருடைய வளமைக்கு அதை ஓர் அடையாளமாகச் சொல்கிறார் என்றால், மற்ற வீடுகளில் எடுத்து எடுத்து வைத்தார்கள் என்பது தெளிவு.

பலகை மேசையானது. மேசை, அதன் மேல் பரிமாறும் உணவானது. சாசர் வாழ்ந்த பதினான்காம் நூற்றாண்டிலேயே அன்றாடச் சாப்பாட்டுக்குப் போர்டு என்ற பெயர் வந்துவிட்டது. பிறர் வீட்டில் பணம் கொடுத்துச் சாப்பிடுகிறவர் போர்டர் ஆனார். முதலாளி வெளியூர் போயிருக்கும் நாட்களில் வேலையாட்களுக்குச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்த படிக்காசுக்குப் போர்டு கூலி என்று பெயர். மாணவர்கள் உண்டு உறங்கிப் படித்த பள்ளி போர்டிங் ஸ்கூல். நம் ஊர்களில் பேருந்து நிலையத்துக்கு எதிரே 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்களே, அதில் தங்குவது லாட்ஜிங். போர்டிங் என்பது சாப்பாடு. பல ஊர்களில் உணவகம் மூடப்பட்டு அறைகள் மட்டும் மிஞ்சிய பிறகும் அந்தப் பழம்பலகையில் இரண்டு சொற்களும் நீடிக்கின்றன.

கணவன் மனைவி உறவையும் இந்தப் பலகையை வைத்தே அளந்தார்கள். இல்வாழ்க்கை என்றால் கட்டிலும் போர்டும். ஒன்றாக உறங்குவதும் ஒன்றாக உண்பதும். 1857 வரை இங்கிலாந்தில் திருமண வழக்குகள் தேவாலய நீதிமன்றங்களின் கையில் இருந்தன. கொடுமையோ பிறன்மனை உறவோ மெய்ப்பிக்கப்பட்டால் அவை கொடுத்த தீர்ப்புக்கு லத்தீனில் 'மேசையிலிருந்தும் கட்டிலிலிருந்தும்' பிரிவு என்று பெயர். சேர்ந்து வாழ வேண்டாம். ஆனால் திருமணம் முறிந்ததாகாது, இருவரும் மறுமணம் செய்துகொள்ள முடியாது. ஒரு மேசையில் உண்ணும் கடமையிலிருந்து மட்டும் விடுதலை. எத்தனை பெண்கள் அந்தத் தீர்ப்போடு மீதி வாழ்நாளைத் தனியே கழித்திருப்பார்கள்! சொல் வரலாறு என்று இதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பிறகு பிரெஞ்சு வழியாக வந்த 'டேபிள்' மேசைக்குப் பெயராக நிலைத்தது. அதன் மூலமான லத்தீன் 'தபுலா'வுக்கும் பலகை என்றுதான் பொருள்! ஒரு பலகையின் இடத்தில் இன்னொரு பலகை வந்து உட்கார்ந்தது. பழைய சொல் வீட்டு மேசையை இழந்தாலும் ஆட்சி மேசையை விடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுக்கும் குழுவுக்கே போர்டு என்ற பெயர் வந்தது. எட்டாம் ஹென்றி 1546-இல் கடற்படை நிர்வாகத்துக்கு ஏற்படுத்திய குழு பிற்பாடு நேவி போர்டு என்று வழங்கியது. அரண்மனைச் செலவைக் கண்காணித்த அதிகாரிகளின் குழுவுக்குப் 'பச்சைத் துணிப் போர்டு' என்றே பெயர். அவர்கள் கூடிய மேசையில் பச்சைத் துணி விரித்திருந்ததுதான் காரணம்.

மேசைத் துணி அலுவலகத்துக்குப் பெயர் கொடுத்தது இங்கே மட்டும் அன்று. அரசக் கருவூலத்துக்கான எக்ஸ்செக்கர் என்ற பெயர் கணக்குப் பார்த்த மேசையின் கட்டம் போட்ட துணியிலிருந்து வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கருவூல அதிகாரி ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் அந்த மேசையின் அளவையே எழுதி வைத்திருக்கிறார்: சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். பிரெஞ்சு 'பியூரோ' முதலில் முரட்டுக் கம்பளித் துணி. பிறகு அந்தத் துணி விரித்த எழுதுமேசை, அதன் பிறகு அலுவலகம், கடைசியில் அதிகார வர்க்கம். அந்தச் சொல் தமிழில் பீரோவாக வந்து, அலுவலகமாகாமல் வீட்டில் நகையும் பட்டுப்புடவையும் பூட்டி வைக்கும் இரும்பு அலமாரியாக நின்றுவிட்டது.

போர்டு தமிழ்நாட்டுக்கு வந்தது ஆட்சியோடு. கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்க்க 1784-இல் லண்டனில் கட்டுப்பாட்டுப் போர்டு அமைந்தது. இரண்டே ஆண்டில், 1786-இல், சென்னையில் ரெவினியூ போர்டு வந்தது. நிலத்துக்கு எவ்வளவு வரி, யாருக்குத் தள்ளுபடி என்ற கேள்விகள் கலெக்டருக்கும் மேலே போய் நின்ற இடம் அது. 1980-இல் சட்டம் போட்டுக் கலைக்கும் வரை இருந்தது. ஜில்லா போர்டு, அது நடத்திய போர்டு ஹைஸ்கூல், பிறகு மின்சார போர்டு, ஹவுசிங் போர்டு என்று சொல் பெருகியது. இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க வேண்டியபோது 'வாரியம்' என்ற சொல்லை எடுத்தார்கள். பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் வருகின்றன. குடவோலை இட்டுத் தேர்ந்தெடுத்த ஊர்க்குழுக்கள் அவை. ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு சொல்லைக் கல்லிலிருந்து எடுத்து மின்கட்டண அட்டையில் அச்சடித்தது மிக நல்ல காரியம். போர்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் 'பலகை' என்று வைக்காமல் விட்டதும் நல்லதே.

ஆனாலும் பலகையைச் சபையோடு சேர்த்து நினைப்பது நமக்குப் புதிதல்ல. மதுரைச் சங்கத்துப் புலவர்கள் அமர்ந்த சங்கப் பலகையைப் பற்றித் திருவிளையாடற் புராணம் தனிப் படலமே பாடுகிறது. இறைவன் கொடுத்தது, தகுதியுள்ளவருக்கு மட்டும் இடம் விரிந்து கொடுப்பது. ஆங்கிலேயர் பலகையைச் சுற்றி அமர்ந்தார்கள், நம் கதையில் பலகையின் மேலேயே அமர்ந்தார்கள். அங்கே இடம் பிடிக்க அரசன் நியமனம் வேண்டும். இங்கே பலகையே தேர்வு வைத்தது. மக்கள் வழக்கோ இன்னொரு பக்கம் போயிற்று. 'ஹவுசிங் போர்டுல குடியிருக்கோம்' என்று சொல்லும் குடும்பத்துக்குப் போர்டு என்பது குழுவும் இல்லை, மேசையும் இல்லை. மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள குடியிருப்பு.

சூதாட்டத்திலிருந்து கிளைத்த வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளிவுமறைவற்ற நடத்தையை 'அபவ் போர்டு', பலகைக்கு மேலே, என்பார்கள். சீட்டாடுகிறவன் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனால் சீட்டு மாற்றுகிறான் என்று அர்த்தம். சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் ஆண்டு அகராதியிலேயே இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டார். பந்தயப் பணம் முழுவதையும் வாரிக்கொள்வது பலகையைப் பெருக்குவது. எல்லாருக்கும் ஒரே மாதிரி சம்பளம் உயர்ந்தால் 'அக்ராஸ் தி போர்டு' என்கிறார்களே, அது அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஒரே குதிரையின் மேல் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் மூன்றுக்கும் சமமாகப் பணம் கட்டியதிலிருந்து வந்தது. முயற்சி தோற்றபின் மறுபடி வரைபலகைக்குப் போவோம் என்பது சூதாட்டத்தைச் சேராத, இன்னும் இளைய வழக்கு. 1941-இல் நியூயார்க்கர் இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரம் அதைப் பரப்பியது: விமானம் விழுந்து கிடக்கிறது, அதை வடிவமைத்தவர் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியபடி திரும்பி நடக்கிறார்.

இனி விளிம்பு. ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குப் போய் 'போர்' என்று ஓரத்தைக் குறித்தது. அங்கே பிறந்த சொல் ஒன்று திரும்பி ஆங்கிலத்துக்கு வந்து 'பார்டர்' ஆயிற்று. நாட்டின் எல்லையும் அதுதான், காஞ்சிபுரம் பட்டின் பார்டரும் அதுதான். தமிழில் புடவைக்கும் ஆற்றுக்கும் ஒரே 'கரை' இருப்பது போல, அங்கே துணிக்கும் கப்பலுக்கும் ஒரே விளிம்பு.

கடலோடிகளின் பேச்சில் போர்டு என்றால் கப்பலின் பக்கம். பக்கத்தைத் தாண்டி நீரில் விழுந்தவன் 'ஓவர்போர்டு' போனவன். அளவு மீறி ஆர்வப்படுகிறவரையும் இன்று அப்படிச் சொல்கிறார்கள். புயலில் முறிந்த பாய்மரம் பக்கத்தின் வழியே கடலுக்குள் போவது 'பை தி போர்டு'. கைவிடப்பட்ட திட்டமும் கொள்கையும் இப்போது அப்படித்தான் போகின்றன. போர்டிங் என்ற செயலும் ஒரு காலத்தில் சாதுவானதாக இல்லை. எதிரிக் கப்பலின் பக்கத்தோடு பக்கம் உராயும்படி அணைத்து, கத்தியோடு தாவி ஏறுவதற்கு அந்தப் பெயர். 1805-இல் டிரஃபால்கர் போரில் ரெடூட்டபிள் என்ற பிரெஞ்சுக் கப்பலின் வீரர்கள் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் மீது அப்படி ஏறத்தான் முனைந்தார்கள். புது ஊழியர்களைச் சேர்த்துக்கொள்வதை 'ஆன்போர்டிங்' என்று சொல்லும் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டதும் இந்தக் கப்பல் சொல்லைத்தான்.

கப்பலின் வலப்பக்கம் ஸ்டார்போர்டு. விண்மீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது சுக்கான் பக்கம். பழங்காலத்து வடகடல் கப்பல்களில் சுக்கான் பின்புறம் நடுவில் இல்லை. பெரிய துடுப்பாக வலப்பக்கத்தில் கட்டியிருந்தது. நார்வேயில் 1904-இல் தோண்டியெடுத்த ஓசபர்க் கப்பலிலும் அது அப்படித்தான் இருக்கிறது. துடுப்பைப் பிடித்து நின்றவனின் முதுகு இடப்பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் 'முதுகுப் பக்கம்'. ஜெர்மானியர் இன்னும் பாக்போர்டு என்கிறார்கள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, சரக்கு ஏற்றும் பக்கம் என்ற பொருளில் லார்போர்டு என்றார்கள். சுக்கான் துடுப்பு நசுங்காமல் இருக்கக் கப்பலின் இடப்பக்கத்தையே துறைமேடையோடு அணைத்து, அந்த வழியாகச் சரக்கையும் ஆளையும் ஏற்றினார்கள்.

ஸ்டார்போர்டு, லார்போர்டு: காற்று அறையும்போது உரக்கக் கத்தினால் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். தவறிக் கேட்டுச் சுக்கானைத் திருப்பினால் கப்பல் பாறையில் மோதும். 1844-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்டை நீக்கி, இடப்பக்கத்துக்கு 'போர்ட்' என்ற துறைமுகச் சொல்லையே பயன்படுத்த ஆணையிட்டது. அமெரிக்கக் கடற்படை 1846-இல் பின்பற்றியது. லார்போர்டு மறைந்துவிட்டது, ஆனால் அது குறித்த பக்கத்தின் வேலை மாறவில்லை. மீனம்பாக்கத்தில் ஏறினாலும் ஹீத்ரோவில் ஏறினாலும், பயணிகளுக்குத் திறப்பது விமானத்தின் இடப்பக்கக் கதவுதான்.