வண்டியின் முகம் எந்தப் பக்கம்? நிறுத்தத் திசையும் நிறுத்த நாகரிகமும்: ஓர் ஆய்வு

முன்னுரை

கல்யாண மண்டபத்துக்குள் கார் நுழைந்ததும் காவலாளி "ரிவர்ஸ்ல போடுங்க சார்" என்கிறார். அதே கார் மறுநாள் ஒரு பேரங்காடிக்குப் போனால், அங்கே சீட்டு கொடுப்பவர் "நேரா உள்ள விடுங்க" என்கிறார். பல தொழிற்சாலைகளில் பின்னோக்கித்தான் நிறுத்த வேண்டும் என்ற கட்டளை பலகையாகவே தொங்குகிறது. ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதற்கு நேர் எதிர். ஆனாலும் இருவரிடமும் காரணம் இருக்கிறது. அக்காரணங்களை வகைப்படுத்தி, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டு நகரங்களே ஆய்வுக் களம். பிற நாட்டு வழக்கங்கள் ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கருதுகோள் எளியது. மூன்று பக்கமும் அடைபட்ட ஒரு கட்டத்தில் நிற்கும் வண்டி ஒருமுறையாவது பின்னோக்கி நகர்ந்தே தீர வேண்டும். அதை வரும்போது செய்யலாம், அல்லது போகும்போது செய்யலாம். செய்யாமல் இருக்க வழியில்லை. எனவே திசையைப் பற்றிய கேள்வி, பின்னோக்கி நகரும் ஆபத்தை எந்த நேரத்தில், யார் நடமாடும் இடத்தில் மேற்கொள்வது என்ற கேள்வியாகிறது.

1. கட்டமும் திருப்பமும்

1.1 கட்டத்தின் அளவு

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தைக் கணக்கிடுகின்றன. கண்ணாடிகளை மடக்கிய ஒரு சிறிய காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். அடுத்தடுத்த இரண்டு கார்களும் கட்டத்தின் நடுவில் நின்றால் இடையில் 80 சென்டிமீட்டர் மிஞ்சும். ஒருவர் கதவைப் பாதி திறந்து உடலை ஒடுக்கி இறங்க இது போதும். ஒரு வண்டி 30 சென்டிமீட்டர் ஒதுங்கி நின்றால் மிச்சம் அரை மீட்டர்தான். அப்போது பக்கத்து வண்டிக்காரர் ஒன்று கதவை இடிப்பார், அல்லது தானும் 30 சென்டிமீட்டர் ஒதுங்குவார். இப்படி ஒருவர் செய்த கோணல் வரிசை முழுதும் பரவிக் கடைசிக் கட்டத்தைப் பயனற்றதாக்குகிறது. கோட்டுக்குள் நடுவாக நிறுத்துவதே நிறுத்த நாகரிகத்தின் முதல் விதி என்பதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

1.2 முன்சக்கரத் திருப்பம்

பெரும்பாலான கார்களில் திரும்புபவை முன்சக்கரங்கள் மட்டுமே. ஆகவே கார் வளையும்போது அதன் சுழற்சி மையம் பின் அச்சின் நேர்க்கோட்டிலேயே அமைகிறது. முன்னோக்கி ஒரு கட்டத்துக்குள் வளைந்தால், பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்வாங்கி வரும். மூக்கு சரியாக நுழைந்த பிறகும் பின்கதவு பக்கத்து வண்டியை உரசுவது இதனால்தான். பின்னோக்கி நுழைந்தால் முதலில் இடம் பிடிப்பது பின் அச்சு. அதன் பிறகு திரும்பும் சக்கரங்கள் வெளியே, அகலமான வழித்தடத்தில் இருக்கின்றன. ஓட்டுநர் அவற்றை ஒடித்து வண்டியை நேராக்கிக்கொள்ளலாம். குறுகிய வழித்தடத்தில் பின்னோக்கி நுழைவது எளிது என்று அனுபவசாலிகள் சொல்வது பெருமைப் பேச்சன்று, வடிவியல். இதற்கு ஒரு விலையும் உண்டு. மூக்கு எதிர்ப்பக்கம் வீசிச் செல்லும். பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பவர் எதிர்வரிசை வண்டியிலோ தூணிலோ முன்மூலையை உரசிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

2. பார்வை

2.1 வெற்றிடமும் நடைவழியும்

உள்ளே வரும் ஓட்டுநர் கட்டத்தைக் கடந்துதான் பின்வாங்கத் தொடங்குகிறார். கட்டம் காலியா, குழந்தை நிற்கிறதா என்பதைச் சற்று முன்புதான் நேரில் பார்த்திருக்கிறார். அவர் பின்வாங்கிப் போவது யாரும் நடக்க வேண்டாத ஒரு வெற்றிடத்துக்குள். தலையை உள்ளே விட்டு நிறுத்தியவருக்கு நிலைமை நேர் எதிர். அவர் திரும்பி வரும்போது இருபுறமும் வேறு வண்டிகள் நிற்கின்றன. அவர் பின்வாங்கிப் போவதோ மனிதர்கள் நடக்கும், வண்டிகள் ஓடும் வழித்தடத்துக்குள். பின்னிருக்கை, தலையணை, பின்தூண், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் பார்வையை மறைக்கின்றன. பின்கண்ணாடியின் அடிவிளிம்புக்குக் கீழே நிற்கும் சிறு குழந்தை தெரியவே தெரியாது.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் எப்போதும் வாசலைப் பார்த்து நிற்பதும், தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் பின்னோக்கி நிறுத்தச் சொல்வதும் இதே தருக்கத்தால்தான். விபத்து நேர்ந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறும்போது ஒவ்வொருவரும் பின்வாங்கத் தொடங்கினால் வழித்தடம் அடைபடும். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் நிகழ்வது இதன் சிறு வடிவம்.

2.2 கருவிகளின் எல்லை

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்நிறுத்த உணரிகள் கட்டாயமாயின. அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய கார்களில் பின்கேமரா கட்டாயம். பின்வாங்கும் வண்டிகளில் குழந்தைகள் சிக்கி இறந்ததே அங்கு இச்சட்டத்துக்குத் தூண்டுகோல். இரண்டும் நல்ல துணைகள்தாம். ஆனாலும் மெல்லிய கம்பி, தாழ்ந்த விளிம்புக் கல், பக்கவாட்டில் வேகமாக வரும் இருசக்கர வண்டி ஆகியவற்றை உணரி தவறவிடலாம். மழைநாளில் கேமராக் கண்ணாடியில் சேறு படியும். கருவி ஓட்டுநரின் கழுத்துக்கு மாற்றாகாது.

3. சட்டம்

3.1 சாலையோரம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ தடையோ இடையூறோ ஏற்படும்படி பொது இடத்தில் வண்டியை விடுவதைத் தடுக்கிறது. 1989இன் சாலை விதிகள் நிறுத்தக் கூடாத இடங்களைப் பட்டியலிட்டன: சந்திப்பு, வளைவு, மேட்டு உச்சி, நடைபாதை, பாதசாரிக் கடப்பு, பேருந்து நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாசல், இன்னொரு வண்டிக்கு இணையாக, சாலையின் தவறான பக்கம் முதலியன. 2017இல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இவற்றுக்குப் பதிலாக வந்தன.

திசையைப் பொறுத்தவரை முக்கியமானது தவறான பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் ஒதுக்கி, எதிர்வரும் போக்குவரத்தை முறைத்தபடி நிறுத்தினால் இரண்டு தீங்குகள் உண்டு. முதலாவது, சிவப்புப் பிரதிபலிப்பான்கள் வண்டியின் பின்புறத்தில்தான் இருக்கின்றன. இரவில் விளக்கு அணைந்து நிற்கும் கார் முகம் காட்டி நின்றால், வருபவரின் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு மின்னாது. இரண்டாவது, ஓட்டுநர் ஓர விளிம்புப் பக்கம் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது முன்னால் நிற்கும் வண்டியைத் தாண்டிச் சாலையைப் பார்க்க அவருக்கு இயலாது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, 248ஆம் விதியில், உரிய நிறுத்தக் கட்டம் அல்லாத சாலையில் இரவில் போக்குவரத்துக்கு எதிர்முகமாக நிறுத்துவதைத் தடைசெய்கிறது. அதன் 201ஆம் விதி, வீட்டு வண்டிப்பாதைக்குள் பின்னோக்கி நுழைந்து முன்னோக்கி வெளியே வரச் சொல்கிறது. நம் தெருக்களுக்கும் இரண்டும் பொருந்தும்.

3.2 தனியார் வளாகம்

சட்டத்தில் "பொது இடம்" என்பது பொதுமக்களுக்கு அணுகும் உரிமையுள்ள இடம். அடுக்ககத்தின் தூண்தளம், அலுவலக அடித்தளம் போன்றவற்றில் போக்குவரத்துக் காவலர் வந்து தீர்ப்பதற்கு வாய்ப்புக் குறைவு. அங்கே சங்க விதியும் நாகரிகமும்தான் சட்டம். வண்டி நிறுத்தத் தகராறுகள் அடுக்ககங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம்.

4. தலையை உள்ளே விட வேண்டிய இடங்கள்

பின்னோக்கி நிறுத்துவதே எப்போதும் சரி என்று கொண்டால் அதுவும் பிழையாகும்.

4.1 சாய்வுக் கட்டம்: ஒருவழித் தடத்தில், வரும் வண்டியை நோக்கித் திறந்தபடி சாய்வாக வரைந்த கட்டங்கள் முன்னோக்கி நுழையவே அமைக்கப்பட்டவை. அதில் பின்னோக்கி நுழைய முயல்பவர், கிளம்பும்போது அம்புக்குறிக்கு எதிராகத்தான் வெளியேற முடியும்.

4.2 சாமான்: பேரங்காடி, விமான நிலையம் போன்ற இடங்களில் டிக்கியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால், தள்ளுவண்டியை இரண்டு கார்களுக்கு நடுவே செருக வேண்டிவரும். 80 சென்டிமீட்டர் இடைவெளியில் அது பக்கத்துக் காரைக் கீறும்.

4.3 புகை: தரைத்தள வீட்டின் சன்னலுக்கோ மருத்துவமனை வார்டுக்கோ புகைக்குழாயைக் காட்டி நிறுத்தக் கூடாது. பின்னோக்கி நிறுத்துவதே பெருவழக்கான ஜப்பானில்கூட, குடியிருப்புச் சுவரையும் செடிகளையும் ஒட்டிய இடங்களில் "முன்முகமாக நிறுத்தவும்" என்ற பலகைகளைக் காணலாம்.

4.4 எண்பலகையும் மின்னூட்டமும்: அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் எண்பலகை பின்புறம் மட்டுமே. அங்கே பின்னோக்கி நிறுத்தினால் எண்ணைப் படிக்க முடியாது என்பதால் சில நிறுத்தங்கள் அதைத் தடுக்கின்றன. இருபுறமும் எண்பலகை உள்ள இந்தியாவுக்கு இக்காரணம் பொருந்தாது. மின்காருக்கோ மின்னூட்டத் துளையே திசையைத் தீர்மானிக்கிறது. எம்ஜி இசட்எஸ் மின்காருக்கு அது மூக்கில். டெஸ்லாவுக்குப் பின்புறம் இடப்பக்கத்தில்.

5. சரிவும் வெயிலும்

உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் திசையோடு சக்கரத்தின் கோணமும் சேர்கிறது. விளிம்புக் கல் உள்ள இடத்தில் ஏற்றம் பார்த்து நிறுத்தினால் முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்து முதல் கியரில் விட வேண்டும். இறக்கம் பார்த்து நிறுத்தினால் இடப்பக்கம் ஒடித்து ரிவர்ஸ் கியரில் விட வேண்டும். இரண்டிலும் வண்டி உருண்டால் சக்கரம் கல்லில் முட்டி நிற்கும். சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுப்பவர்கள் கிளம்பும்போது அதைச் சாலையிலேயே விட்டுப் போவது பின்னால் வரும் இருசக்கர ஓட்டிக்கு வைக்கும் கண்ணி. எடுத்து ஓரம் போடுவதும் நிறுத்த நாகரிகத்தில் அடங்கும்.

சமவெளியில், குறிப்பாக அக்கினி நட்சத்திர நாட்களில், பிற்பகல் முழுதும் நிற்கப்போகும் காரின் முன்கண்ணாடியை மேற்குக்குக் காட்டாமல் இருப்பது நல்லது. பெரிய முன்கண்ணாடி வழியே வரும் வெயில் ஸ்டியரிங்கைத் தொட முடியாதபடி சுட வைக்கும். ஆனால் இது தன் வசதி மட்டுமே. பிறர் பாதுகாப்பும் வளாக விதியும் இடம் கொடுத்தால்தான் இதைக் கருத வேண்டும்.

6. இருசக்கர வண்டிகள்

ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பெரும்பாலும் ரிவர்ஸ் கியர் இல்லை. பின்னுக்கு இழுப்பது ஓட்டுபவரின் கால்கள்தாம். ஸ்கூட்டரின் எடையே நூறு கிலோவைத் தாண்டும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிகிறது. மூக்கை ஓரத்துக்குக் காட்டி நிறுத்தியவர் கிளம்பும்போது வண்டியை மேட்டில் பின்னுக்கு இழுக்க வேண்டும். பின்சக்கரத்தை ஓரத்தில் வைத்தவர் அப்படியே ஏறிப் போகலாம். சைடு ஸ்டாண்டும் இதையே சொல்கிறது. வண்டி முன்னால் உருண்டால் அது மடங்கிவிடும். மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் உருண்டு மடங்காது. எனவே ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இருசக்கர வண்டிக்குச் சரியான முகம் சாலைப் பக்கமே.

ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் மட்டும் ஒரு தலைகீழ் விதி உண்டு. தெருவில் சைடு லாக் போடாமல் போவது கவனக்குறைவு. ஸ்டாண்டில் அதைப் போட்டுவிட்டுப் போவது பிழை. ஊழியர் வரிசையை நெருக்கவும், நடுவில் சிக்கிய வண்டியை எடுத்துத் தரவும் பூட்டில்லாத வண்டிதான் வேண்டும். காவலுக்கு அங்கே டோக்கன் இருக்கிறது.

7. அடைத்து நிறுத்தல்

திருவிழாவிலும் முகூர்த்த நாளிலும் வண்டிக்குப் பின்னால் வண்டியை அடைத்து நிறுத்துவது தவிர்க்க முடியாததாகிறது. இதில் மூன்று வழக்கங்கள் உள்ளன: சாவியைக் காவலாளியிடம் கொடுத்தல், தொலைபேசி எண்ணைக் கண்ணாடியில் வைத்தல், நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் இறக்கி விட்டுப் போதல்.

மூன்றாவது வழக்கம் தள்ளி நகர்த்த வசதி. ஆனால் சட்டத்தோடு மோதுகிறது. பொது இடத்தில் ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வண்டி தற்செயலாக நகராதபடி பிரேக்கோ அதற்கு இணையான ஏற்பாடோ இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. ஆட்டோமேட்டிக் கார்களையும் மின் பிரேக் உள்ளவற்றையும் பெரும்பாலும் இப்படித் தள்ளவும் முடியாது. எண் எழுதி வைப்பது இவற்றில் மேலானது. அதைவிட மேலானது, கூப்பிட்டால் ஒலி கேட்கும் தொலைவில் இருப்பதும், கூப்பிட்டதும் இலையிலிருந்து எழுந்து வருவதும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய 3.6 மீட்டர் அகலக் கட்டத்தையும் தீயணைப்பு வழியையும் எந்தக் காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. சக்கர நாற்காலி இறங்கவே அந்தக் கூடுதல் அகலம். அது காலியாகத் தெரிவதே அதன் பயன்.

இன்னொருவர் பின்னோக்கி நுழைந்துகொண்டிருக்கும்போது அவர் பின்னால் ஒட்டி நின்று ஹாரன் அடிப்பதும், அவர் கடந்து சென்ற கட்டத்துக்குள் மூக்கை நுழைப்பதும் நம் ஊரில் சாதாரணம். பின்னோக்கி நிறுத்தும் வழக்கம் இங்கு பரவாமைக்கு ஓட்டுநரின் திறமைக்குறைவைவிட, காத்திருப்பவரின் பொறுமையின்மைக்கே பங்கு மிகுதி என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

முடிவுரை

மேற்கண்ட பகுப்பாய்விலிருந்து பெறப்படும் முடிவுகள்:

அ. சாலையோரத்தில் போக்குவரத்தின் திசையிலேயே வண்டி நிற்க வேண்டும். இதில் விருப்பத்துக்கு இடமில்லை.

ஆ. நேர்க்கட்டங்கள் கொண்ட வளாகத்தில் பின்னோக்கி நுழைந்து முன்னோக்கி வெளியேறுவது பொதுவிதி. தூணிடையிலும் குறுகிய வழித்தடத்திலும் அது எளிதும்கூட.

இ. சாய்வுக் கட்டம், சாமான் ஏற்றும் இடம், சன்னலோரம், மின்னூட்ட நிலையம் ஆகியன விதிவிலக்குகள். அங்கே பலகையையும் அம்புக்குறியையும் பின்பற்றுக.

ஈ. இருசக்கர வண்டியின் பின்சக்கரம் ஓரத்திலும் முகம் சாலையிலும் இருக்கட்டும்.

உ. முன்னால் இருப்பவர் பின்வாங்கத் தொடங்கினால் ஒரு கார் நீளம் தள்ளி நின்று இடம் விடுக, ஹாரனைத் தொடாதீர்.

இவற்றுள் முதல் நான்கையும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கற்பிக்கலாம். ஐந்தாவதை நாமே பழகிக்கொண்டால்தான் இரண்டாவது நடைமுறைக்கு வரும்.