வெங்காயக் கொப்பியும் விரிதாளும்

புத்தூர்ச் சந்தியிலிருந்து சுன்னாகம் நோக்கிச் செல்லும் வீதியில் சிறிது தூரம் நடந்தால் என் பெரியப்பாவின் தோட்டம் வரும். செம்மண் தரை, ஆழக் கிணறு, ஒரு போகம் புகையிலை, ஒரு போகம் வெங்காயம். வீட்டுத் தாழ்வாரத்து ஆணியில் ஒரு கொப்பி தொங்கும். 1970களின் நடுப்பகுதியில், பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். திகதி, சுன்னாகம் சந்தையில் அன்றைய விலை, கொட்டிலில் தொங்கும் வெங்காயத்தின் நிறை, விதைக்கென ஒதுக்கியது என்று கோடிட்டுப் பிரித்திருந்தார். விதை வெங்காயத்துக்கு எதிரே விலை எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை.

வெங்காயத்தை வைத்திருந்து விற்பவனுக்குச் சந்தை மட்டும் எதிரியல்ல, வெயிலும் எதிரி. 100 இறாத்தல் காய்ந்து 80 இறாத்தலானால், ஒரு ரூபா விலை ஒன்றேகால் ரூபாவானால்தான் முதல் நாள் விற்றதற்குச் சமம். பெரியப்பா இந்தக் கணக்கை மனதாலேயே போடுவார்.

இத்தகைய கணக்கு அவருடைய தலைமுறையில் தொடங்கியதல்ல. திருவிதாங்கூருக்கென்றே குடாநாட்டில் விளைந்த மலையாளப் புகையிலையைப் பாடம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும், அங்கே சுங்க வரி உயர்கிறது என்ற செய்தி வரும்போது விற்பதா வைத்திருப்பதா என்று திண்டாடியவர்கள்தாம். தனித்து நின்றால் வியாபாரி கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டும் என்பதால் 1930களில் அவர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தார்கள்.

1970 இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கண்ட நல்ல காலம் அது. படித்து முடித்த இளைஞர்கள் கூட வன்னிக்கு மிளகாய் போடச் சென்றார்கள். 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை இறங்கத் தொடங்கியபோது பெரியப்பா விற்கவில்லை. போன வருட விலை கொப்பியில் அவர் கண் முன்னே இருந்தது. அது திரும்பி வரும் என்று காத்திருந்து, கடைசியில் கூலிக்கும் காணாத விலைக்குக் கொடுத்தார். கொழும்புத் துறைமுகத்துக்கு என்ன வருகிறது என்று எழுத அந்தக் கொப்பியில் இடம் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1978 இல், அமெரிக்காவில் ஹாவர்ட் வணிகப் பள்ளி மாணவராக இருந்த டான் பிரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் எழுதும் அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த அத்தனை எண்களையும் அழித்து எழுத வேண்டும். இதைக் கணினி செய்யட்டுமே என்று அவருக்குத் தோன்றியது. பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979 இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. 1983 இல் லோட்டஸ் 1-2-3, 1985 இல் மக்கின்டோஷ் கணினிக்கு எக்செல் என்று விரிதாள் வளர்ந்தது.

பெரியப்பா விட்ட பிழைக்கும் இதற்குள் ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இலாபத்தில் உள்ளதை அவசரமாக விற்பதும், நட்டத்தில் உள்ளதை விடாமல் பிடித்திருப்பதும் மனித இயல்பு என்று 1985 இல் ஷெஃப்ரின், ஸ்டேட்மன் என்ற இருவர் எழுதினர். டெரன்ஸ் ஓடியன் 1987 முதல் 1993 வரையான 10,000 தரகுக் கணக்குகளை ஆராய்ந்து, 1998 இல் முடிவை வெளியிட்டார். முதலீட்டாளர்கள் இலாபத்தில் விற்ற பங்குகள், நட்டத்தில் வைத்திருந்தவற்றை விட, அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் ஈட்டியிருந்தன. வாங்கிய விலையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நேர்வது இது. சந்தைக்கோ அவன் என்ன விலைக்கு வாங்கினான் என்பது தெரியாது.

பெரியப்பாவின் பேரன், எனக்கு மருமகன் முறை, ரொறன்ரோவில் இருக்கிறார். புத்தூரில் போரில் சிதைந்த அந்த வீட்டை மீண்டும் கட்டச் சேர்த்த பணத்தை 2011 தொடக்கத்தில் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டார். போர் முடிந்த 2009 இல் அந்தச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் இரு மடங்குக்கு மேலாகியிருந்தது. 2010 இல் ஏறத்தாழ மீண்டும் இரு மடங்கு. 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தொட்டது. அவர் வாங்கியது அந்த உச்சியில். ஆண்டு முடிவில் அது 6,100 க்கும் கீழே. அவர் விற்கவில்லை, வாங்கிய விலை வரட்டும் என்றார். வீட்டுக்குக் கூரை போடுவதும் அதனுடன் தள்ளிப்போனது.

2022 ஜனவரியில் சுட்டெண் 13,000 ஐத் தாண்டியபோது மகிழ்ச்சியுடன் அழைத்தார். "மாமா, இனி விக்கலாமோ? எக்செல்லில ஒரு கணக்குப் போட்டுத் தாங்கோவன்" என்றார். எனக்குத் தெரிந்த அளவில் ஒரு விரிதாள் செய்தேன். அவருடைய பங்குகள் சுட்டெண்ணை ஒட்டியே நகர்ந்தன என்று வைத்துக்கொண்டு, பங்கிலாபத்தைச் சேர்க்காமல், ஒரே ஒரு நிரலை மட்டும் கூட்டினேன்: அன்றைய டொலர் பெறுமதி. 2011 இல் டொலர் ஏறத்தாழ 110 ரூபா. 7,800 ஐ அதனால் வகுத்தால் 71. 2022 ஜனவரியில் டொலர் 200 ரூபா. 13,000 ஐ வகுத்தால் 65. பதினொரு ஆண்டு காத்திருந்து கண்ட இலாபம் டொலரில் நட்டமாக நின்றது. தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

பிறகு வாங்கிய விலை இருந்த நிரலை மறைத்துவிடச் சொன்னேன். வரிக் கணக்குக்குத் தேவை என்பதால் அழிக்கவில்லை. அதனிடத்தில் ஒவ்வொரு பங்குக்கும் மூன்று கட்டங்கள்: வாங்கியதற்கான காரணம் ஒரு வரியில், அந்தக் காரணம் இன்றும் உண்டா, இந்தப் பணம் இன்று கையில் இருந்தால் இதையே வாங்குவாயா. கடைசிக் கட்டத்தில் "இல்லை" என்று விழுந்தவற்றை விற்பது என்று பேசிக்கொண்டோம். நாளை விலை என்ன என்று எந்த விரிதாளும் சொல்லாது. அதை முன்கூட்டியே அறிந்து விற்ற தமிழர் ஒருவர் உண்டு. கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம், கோல்ட்மன் சாக்ஸ் நட்டம் காணப்போகிறது என்று அதன் இயக்குநர் ஒருவரிடமிருந்து 2008 ஒக்டோபர் 23 அன்று இரகசியமாகக் கேட்டு, மறுநாள் காலை பங்குகளை விற்று 30 இலட்சம் டொலருக்கும் அதிகமான நட்டத்தைத் தவிர்த்தார் என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2011 இல் அவருக்கு 11 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

மருமகனின் பட்டியலில் பாதி "இல்லை" என்று வந்தது. அந்தப் பாதியை அவர் பெப்ரவரிக்குள் விற்றுப் பணத்தை வெளியே எடுத்தார். ஏப்ரலில் டொலர் 300 ரூபாவைத் தாண்டியது. பங்குச் சந்தையையே ஒரு வாரம் மூட வேண்டியிருந்தது. மற்றப் பாதி அவரிடமே இருந்தது. 2024 முடிவில் சுட்டெண் ஏறத்தாழ 16,000. டொலர் 290 ரூபாவுக்கு மேல். வகுத்துப் பார்த்தால் 54 அல்லது 55.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பெரியப்பாவின் கொப்பி வீட்டோடு போய்விட்டது. விற்ற பணத்தில் புத்தூர் வீட்டுக்கு இப்போது கூரை போட்டாகிவிட்டது. தாழ்வாரம் இன்னும் கட்டவில்லை.