கயிறும் கப்பியும் சொல்லும் காலக்கணக்கு: இங்கிலாந்தின் சாஷ் ஜன்னல்கள்

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் உள்ள சாஷ் ஜன்னலுக்குக் கீல் கிடையாது. கண்ணாடி பதித்த இரண்டு மரச்சட்டங்கள் முன்னும் பின்னுமாக நின்று மேலும் கீழும் நகரும். சட்டத்தில் கட்டிய கயிறு கப்பியில் ஏறி, நிலையின் பக்கத்து மரப்பெட்டிக்குள் தொங்கும் இரும்புக் குண்டில் முடியும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருப்பதால், சட்டத்தை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

'சாஷ்' என்ற சொல் பிரெஞ்சு மொழியின் 'ஷாஸி'யிலிருந்து வந்தது. ஆனால் குண்டு கட்டிச் சமன்செய்யும் முறை, 1670-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் அரச கட்டடப் பணித்துறையில் உருவானது என்பது ஆய்வாளர் ஹென்டி லௌ நிறுவிய முடிவு. அரண்மனையில் பிறந்த ஜன்னல் விரைவிலேயே வணிகர் வீடுகளுக்கும் இறங்கி வந்தது.

அதன் பிறகு அரசின் சட்டமும் வரியுமே ஜன்னலின் உருவத்தைச் செதுக்கின. 1666 பெருந்தீயின் அச்சம் நீங்காத லண்டனில், ஜன்னல் நிலையைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று 1709-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. கண்ணாடி மீது எடைக்கு ஏற்ற வரி இருந்ததால், ஊதிச் சுழற்றித் தட்டாக்கிய மெல்லிய கண்ணாடியே விரும்பப்பட்டது. அந்தத் தட்டிலிருந்து சிறு சதுரங்களே கிடைக்கும். மேலே ஆறு, கீழே ஆறு என்ற ஜார்ஜியக் கால அமைப்பு அப்படி வந்ததுதான்.

1845-இல் கண்ணாடி வரியும் 1851-இல் ஜன்னல் வரியும் நீங்கின. பெரிய கண்ணாடிகள் வந்தன, நடுச்சட்டங்கள் குறைந்தன. பாரம் முழுவதும் மூலை மூட்டுகளில் விழுந்தது. அவற்றுக்கு வலுவூட்டவே பக்கச்சட்டத்தின் நுனியை நீட்டி, 'கொம்பு' விட்டார்கள். இன்று ஜார்ஜிய வீட்டுக்குக் கொம்பு வைத்த புது ஜன்னல் மாட்டுவது, பழமை என்ற பெயரில் செய்யும் வரலாற்றுப் பிழை.

பழுது பார்ப்பதற்கென்றே செய்த ஜன்னல் இது. உள்பக்க மரப்பட்டையை (பீடிங்) நெம்பி எடுத்தால் கீழ்ச்சட்டம் கையோடு வந்துவிடும். கப்பி பதித்த பலகையின் அடிப்பகுதியில் ஒரு சிறு மரத்துண்டு தனியே கழலும். அந்தத் துளை வழியே குண்டை வெளியே எடுத்துப் புதுக் கயிறு கட்டலாம். கயிறு அறும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த தச்சரின் அக்கறை அந்தத் துண்டில் இருக்கிறது.

மரம் பெரும்பாலும் கீழ்ச்சட்டத்திலும் அடிப்படியிலும்தான் மக்கும். மக்கியதை மட்டும் அறுத்தெடுத்து, அதே இனத்து மரத்தால் ஒட்டுப்போட்டால் போதும். ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் பிசைந்த புட்டியைக் கண்ணாடி ஓரத்தில் வைத்து, அது இறுகியதும் வண்ணம் பூச வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. இரட்டைக் கண்ணாடி பொருத்தினால் சட்டம் கனத்துவிடும். பழைய குண்டு அதைத் தாங்காது. குளிர்தான் கவலையென்றால், இடுக்குகளில் தூரிகைப் பட்டை வைத்து, உள்பக்கம் இன்னொரு கண்ணாடித் தடுப்பு அமைக்கலாம். அத்தகைய தடுப்பு வெப்ப இழப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதாக, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இங்கிலீஷ் ஹெரிட்டேஜுக்காகக் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் நடத்திய சோதனை காட்டியது.

சாஷ் ஜன்னல் உள்ள பழைய வீட்டில் வாழ்கிறீர்களென்றால், ஜன்னலைப் பெயர்த்தெறியும் முன், அந்தச் சிறு மரத்துண்டைக் கழற்றி உள்ளே ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அறுந்திருப்பது கயிறு மட்டுமே.